இடுமருந்து

என் கணவருக்கு நான் மருந்து வைத்துவிட்டேன் என்று என் மாமியார் முதன்முதலில் சொன்னது எங்கள் கல்யாணத்தின்போது. அப்போது அது வெறும் வசவு. கிறிஸ்தவ வாத்தியார் வீட்டுப் பெண், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பரம்பரையாக இருக்கும் குடும்பத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் ஊர் வேறென்ன சொல்லும்? "சோத்துல இன்னாத்தயோ கலந்து குடுத்துட்டா, இவன் மயங்கிட்டான்" என்று அவர் கிணற்றடியில் சொன்னது என் காதுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டேன். சில வருடம் கழித்து அதே சொல்லை அவர் மறுபடி சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குள் என் கணவர் பாதியாக இளைத்திருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வரை சைக்கிள் மிதித்து, அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயின் பிடிப்பார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவர், நான், அவருடைய அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆகவே கோபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வேறு வீடு கிடையாது.

ஐப்பசி மழையில் அவருக்கு ஆரம்பித்த இருமல் பொங்கல் வந்தும் போகவில்லை. சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கும்போதே உடம்பு கொதிக்கும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. தலையணை உறை மட்டும் வேர்வையில் ஊறிக் கிடக்கும். சட்டை தோளிலிருந்து தொங்கியது. சோற்றைப் பிசைந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கம்பெனி டாக்டர் மார்ச்சளி என்று சொல்லி, அளவுக்குக் காகிதப் பட்டை ஒட்டிய சீசாவில் சிவப்பு மிக்சர் கொடுத்து அனுப்பினார். சீசாக்கள் சேர்ந்தன, இருமல் நிற்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தாம்பரத்துக்காரர்கள் எல்லோருக்கும் அந்த பயம் தெரியும். காசநோய் ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே சிகிச்சைக்குப் போய் வந்தவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே."

"எடுத்து, அதுதான்னு சொல்லிட்டாங்கன்னா? ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சிடுவாங்க. உனக்கும் ஸ்கூல்ல வேலை போயிடும்" என்றார். அவரும் அதே பயத்தோடுதான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "என் புள்ளையக் கொண்டுபோயி அங்க தள்ளிட்டு நீ இன்னா பண்ணலாம்னு கீறே?"

அந்த நாட்களில் நான் பெரிய வகுப்புப் பெண்களுக்கு ஐரோப்பாவின் இடைக்காலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருந்தது. நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு நானாகக் கூடுதலாகச் சொல்வேன். உடம்பில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் ஓடுகின்றன, அவை நிலை தவறினால் நோய் என்று அவர்கள் நம்பியதை. ரத்தம் மிகுந்துவிட்டது என்று நாவிதரை அழைத்து நரம்பைக் கீறி வடித்ததை. கழுத்தில் வரிசையாகக் கட்டி கிளம்பும் கண்டமாலைக்கு ராஜா கையால் தொட்டால் போதும் என்று நோயாளிகள் அரண்மனை வாசலில் காத்துக் கிடந்ததை. எதற்கும் அடங்காத நோய் என்றால் யாரோ சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று ஆளைத் தேடுவார்கள். குற்றம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால், சந்தேகப்பட்டவர் கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொடுத்து நடக்கவிடுவதும் அந்தக் காலத்து வழக்கம். பிறகு கையைக் கட்டிவைத்து, அவிழ்க்கும்போது புண் சுத்தமாக ஆறியிருந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி.

"ராஜா தொட்டா சரியாயிடுமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சில பேருக்குத் தானாகவே ஆறியிருக்கும். ஜனங்க அதை மட்டும் ஞாபகம் வெச்சிருப்பாங்க."

"ஆறலைன்னா?"

"உனக்கு நம்பிக்கை போதலைன்னு சொல்லிடுவாங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் தலைவாரிப் புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படப்பையில் மருந்து எடுக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாளாம், பக்கத்து வீட்டுக்காரியோடு போய் விவரம் கேட்டு வந்துவிட்டாராம். "ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் போறோம்" என்றார். "நீயும் வரணும். உன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினு இருக்கா."

தாம்பரம் மேற்கிலிருந்து பஸ். கணவர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் இரண்டு மாட்டுவண்டிகள் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. ஜனம் வாசல் வரை உட்கார்ந்திருந்தது. மருந்து எடுக்கும் அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். வாட்டசாட்டமான உடம்பு, நெற்றி நிறைய குங்குமம், கையில் விரல்நீளப் பித்தளைக் குழல் ஒன்று. அவளிடம் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது அவள் கேட்ட கேள்விகள்தான்.

"சாயங்காலமானா காய்ச்சல் வருதா? தூக்கத்துல வேர்த்து ஊத்துதா? சோறு கசக்குதா?"

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கம்பெனி டாக்டர் இதில் எதையும் கேட்டதில்லை. கேள்வி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்கூட ஒரு நிமிஷம் அவளை நம்பிவிட்டேன்.

"இடுமருந்து. வவுத்துல ஒட்டிக்கினு கீது. எடுத்தாத்தான் புழைப்பான்" என்றாள்.

அவரைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பி, நாக்கைத் தூக்கி, வாயில் ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டினாள். குழலின் ஒரு முனையைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் வலியில் முனகினார். சட்டென்று நிமிர்ந்து பீங்கான் தட்டில் துப்பினாள். கறுப்பாக, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிக் காட்டினாள். உள்ளே தலைமுடி சுருண்டு கிடந்தது. நீளமான முடி.

அதை எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அந்த வீட்டில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மெதுவாகத் தலையைத் திருப்பி என் பின்னலைப் பார்த்தார்கள்.

"யாரு வெச்சதுன்னு கேக்காதீங்க" என்றாள் அவள். "வெளியாளு இல்ல. வூட்டுக்குள்ள சோறு போடற கை."

என் மாமியார் ஓவென்று அழ ஆரம்பித்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் எனக்கும் தன் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து அடுப்படி எனக்குக் கிடையாது. அவருக்கு வேண்டியதை மாமியாரே சமைத்தார், மாமியாரே போட்டார். நான் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு வேறு மொண்டு கொடுப்பார். மோரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி அந்தப் படப்பை அம்மா கறுப்பு உருண்டைகள் தந்திருந்தாள். அதைக் குடித்தால் வயிற்றால் போகும். பத்தியம் வேறு: பால் கூடாது, முட்டை கூடாது, கறி மீன் கூடாது, உப்பு பாதி. ஏற்கெனவே எலும்பாகிக்கொண்டிருந்த மனிதனுக்குச் சோற்றையும் நிறுத்தி, இருப்பதையும் வெளியேற்றினார்கள். ஆபீசுக்கு லீவு போட்டார். பிறகு சைக்கிளைத் தள்ளவே தெம்பில்லை.

நான் சண்டை போடாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். போட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது முட்டை வாங்கி வந்து வேக வைத்தேன். மாமியார் பாத்திரத்தோடு தூக்கி ஏரிப்பக்கம் வீசினார். "மறுபடியும் வெக்கறியா? மிச்சம் கீறதயும் முடிச்சிடலாம்னு பாக்கறியா?" என்று கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. கணவர் உள்ளேயிருந்து வந்து, "விடேன், அம்மா சொல்ற மாதிரியே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்; ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவருக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டதா? இதைப் பல வருடம் கழித்துக் கேட்டேன். "சந்தேகம் இல்ல. ஆனா டி.பி.ன்னு நெனைக்கறதைவிட மருந்துன்னு நெனைக்கறது சுலபமா இருந்துச்சு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. எனக்கு வலித்தது என்பது வேறு விஷயம்.

மாசி மாதம் ஒரு காலை, அவர் வேட்டிகளைத் துவைக்க எடுத்தபோது கைக்குட்டை ஒன்று சுருட்டி உள்ளே செருகியிருந்தது. பிரித்தேன். ரத்தம். பாதி காய்ந்து, பாதி ஈரமாக. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"அத்தை, இதப் பாருங்க. ரத்தமா இருமியிருக்காரு. இனிமே ஒரு நிமிஷம்கூட வீட்டுல வெச்சுக்கக் கூடாது."

மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

"கரையுதுடி" என்றார். "அந்தம்மா சொன்னா. உள்ள கீற மருந்து கரைஞ்சு செவப்பா வெளிய வரும், பயப்படாதீங்கன்னு சொன்னா. அம்மா தாயே, என் புள்ள பொழச்சிக்கினான்!"

கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரத்தத்தைக் காட்டினால் எந்தத் தாயும் பதறுவாள் என்று நினைத்திருந்தேன். ரத்தமே நல்ல சகுனம் என்று ஆகிவிட்ட வீட்டில் இனி நான் எதைக் காட்டுவேன்? என் கணவர் செத்தால்கூட மருந்து முழுசாக இறங்கவில்லை என்பார்கள், வைத்தவள் நான் என்பார்கள்.

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளா" என்றார். "பயமா இருக்கா?" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை அனலாகச் சுட்டது. ஆனால் அம்மாவின் பேச்சைத் தாண்டி வரத் தயாராக இல்லை. "அவங்க ஒத்துக்கிட்டா வரேன்" என்றார்.

மாமியார் படப்பைக்குப் போய் வந்து புதிதாக ஒன்று சொன்னார். வைத்தவள் வாயால் ஒத்துக்கொண்டால்தான் வேர் அறுமாம். இல்லையென்றால் அம்மன் முன்னால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டுமாம். பொய் சொன்னால் கை தாங்காது, உதறிவிடுவாள்.

நான் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பண்றேன்" என்றேன். "ஆனா நான் கையை உதறாம இருந்தா, மறுநாள் காலையில அவரை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிட்டுப் போவேன். நீங்க குறுக்க வரக் கூடாது. அதை நீங்க அதே எடத்துல, அம்மன் முன்னாடி சொல்லணும்."

மாமியார் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் கணக்கில் நான் பயந்துவிடுவேன், அல்லது எங்கள் வேதத்தில் அது பாவம் என்று மறுத்துவிடுவேன். பாவம்தான் என்று வளர்ந்தவள்தான் நான். என் அப்பாவுக்குத் தெரிந்தால் இன்னொரு முறை என்னைத் தலைமுழுகியிருப்பார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் நம்புகிற வாசல் அது ஒன்றுதான் இருந்தது. அதன் வழியாகத்தான் அவரை வெளியே கொண்டுவர முடியும் என்றால் அதன் வழியாகவே போவது என்று முடிவு செய்தேன்.

"பைத்தியமா உனக்கு? வேணாம்" என்றார் கணவர். மாமியார், "அவளே ஒத்துக்கினா, நீ இன்னாத்துக்கு நடுவுல பேசறே?" என்று அவரை அடக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. எங்கள் தெரு முனையில் சின்ன எல்லையம்மன் கோயில். பூசாரி எனக்குத் தெரிந்தவர்தான்; அவருடைய மகள் என் பள்ளியில் படித்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளித்தார். "படிச்ச பொண்ணு, டீச்சரம்மா. கையில எதுக்கு? தட்டுல ஏத்தறேன், அடிச்சு சத்தியம் பண்ணட்டும், போதும்" என்றார். "கையிலதான்" என்றார் மாமியார். கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன்.

மாமியார் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "அவ கை உதறலைன்னா, என் புள்ளய இட்டுக்கினு போவட்டும். நான் தடுக்க மாட்டேன், தாயே."

நான் வலது கையை நீட்டினேன். பூசாரி வில்லையை உடைத்து இருப்பதிலேயே சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்தார். ஏற்றினார்.

முதலில் சூடே தெரியவில்லை. அது வெறும் ஏமாற்று. பிறகு ஒரு கம்பியைச் செருகின மாதிரி இறங்கியது. "என் புருஷனுக்கு நான் எந்த மருந்தும் வைக்கல" என்றேன். குரல் நடுங்காமல் வந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் "போதும் விடுங்கடி" என்றாள். தீ உருகி விரல் பக்கம் ஓடியது. கையைச் சாய்த்தால் விழுந்துவிடும், விழுந்தால் உதறியதாகிவிடும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அம்மனின் வெள்ளிக் கண்களைப் பார்த்தேன். என் ஆண்டவரையும் கூப்பிட்டேன். யார் கேட்டார்களோ தெரியாது. சுடர் நீலமாகிச் சுருங்கி அணைந்தது.

உள்ளங்கை நடுவில் தோல் வெந்து வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. மாமியார் கிட்டே வந்து பார்த்தார். "கொப்பளிச்சிருக்கே" என்றார். கூட்டத்திலும் அந்த முணுமுணுப்பு எழுந்தது. சத்தியவாக்கு சுடாது என்று யாரோ சொன்னார்கள். இதை நான் யோசித்திருக்கவில்லை. தோற்றுப்போகத்தான் இந்த ஆட்டமா என்று தோன்றியது.

பூசாரிதான் குரலை உயர்த்தினார். "நெருப்புன்னா கொப்பளிக்காம? பேச்சு இன்னா? கை உதறுனா, இல்லையா? உதறல. அணையற வரிக்கும் தாங்குனா. அம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டு மாத்திப் பேசுனா, அப்புறம் என்னாண்ட வராதே." கையில் விபூதியைக் குழைத்து வைத்தார். மாமியார் அம்மனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "போ. இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை முதல் வண்டியில் சானடோரியம் போனோம். படம் எடுத்து, சளியைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் சிடுசிடுப்பானவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வலதுபக்கம் மேலே விரலை வைத்தார். அங்கே ஒரு பொத்தல் இருட்டாகத் தெரிந்தது.

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்றார்.

கட்டுப்போட்ட என் கையைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். "சுட்டுக்கிட்டேன்" என்றேன்.

பிழைப்பாரா என்று கேட்டேன். தினமும் ஊசி, மாத்திரை, நல்ல சாப்பாடு, ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் செய்தால் பிழைப்பார் என்றார். நடுவில் நிறுத்தினால் தன்னிடம் வரவே கூடாது என்றார். அவரை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டு, "வீட்டுல வேற யாருக்காவது ரொம்ப நாளா இருமல் உண்டா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடியலும் மாமியாரின் இருமலில்தான் விடிந்தது. சுக்கும் திப்பிலியும் தேனில் குழைத்துச் சாப்பிடுவார். வயதான இருமல் என்று யாரும் அதைக் காதில் வாங்கியதில்லை.

எக்ஸ்ரே என்றதும் மாமியார், "எனக்கு இன்னா கேடு? கல்லு மாரி கீறேன்" என்றார். மகன் வார்டிலிருந்து சொல்லி அனுப்பியதால்தான் வந்தார். என்னையும் படம் எடுத்தார்கள்; எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. மாமியாரின் படத்தைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"ரெண்டு பக்கமும் இருக்கு. பழசு. வருஷக்கணக்கா இருந்திருக்கு. இவங்ககிட்டேருந்துதான் உங்க வீட்டுக்காரருக்குப் போயிருக்கணும்" என்றார்.

நான் வெளியே வந்தேன். நீளமான தாழ்வாரம். அதன் கோடியில் மர பெஞ்சில் மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரமும் நடந்துபோகும்போது என் வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. சோறு போடற கை. அதைத் தெருவில் வைத்து, கிணற்றடியில் வைத்து, முட்டைப் பாத்திரத்தை வீசின இடத்தில் வைத்து அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடித்தது. என் உள்ளங்கை இன்னும் ஆறவில்லை.

"இன்னா சொன்னாரு?" என்று நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் நான் முதன்முதலாக பயத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கும் இருக்கு அத்தை. ஊசி போட்டுக்கணும். சரியாயிடும்" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

ஆனால் அவர் முட்டாள் அல்ல. தினமும் ஊசி வரிசையில் நிற்கும்போது அங்கிருந்த நர்ஸ், இருமும்போது வாயைப் பொத்தச் சொல்லி, துப்பும் இடத்தைக் காட்டி, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படிப் போகிறது என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் மாமியார் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் விறகு அடுக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார். தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். மாத்திரை எடுத்துப் போனேன். வாங்கவில்லை.

"அப்போ நான்தான் என் புள்ளைக்கு மருந்து வெச்சனா?" என்றார்.

"மருந்து இல்ல அத்தை, வியாதி. நீங்க வேணும்னு குடுக்கல."

"உன்ன மட்டும் வேணும்னு குடுத்தேன்னுதானே சொன்னேன்."

மாத்திரையை அவர் பாயோரம் வைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் மாத்திரை வேண்டாம் என்றார், ஊசிக்கும் வர மறுத்தார். எனக்கு இது வேணும், இப்படியே போறேன் என்றார். மகனைக் காப்பாற்றிக் கரையேற்றுவதற்குள் அம்மா இப்படிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நீங்க மருந்து சாப்பிடாம இருமிட்டு இருந்தா அவரு குணமாயி வந்ததும் மறுபடியும் அவருக்கு வரும். அப்ப வேணும்னே குடுத்தீங்கன்னு நானே சொல்லுவேன். தெருவுல நின்னு சொல்லுவேன்" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அது ஒரு தடவைதான்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் மாத்திரையைப் போட்டேன். ஊசிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. அந்தக் கொட்டகையில் நானே சாணம் மெழுகி, ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். என்னிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அடுப்படியை விட்டுக்கொடுத்தார்.

கணவர் தேறுவதற்கு வெகுநாள் பிடித்தது. ஆபீஸில் ஒரு மேலதிகாரி நல்லவராக இருந்ததால் வேலை போகவில்லை. முதல்முறை முழுத்தட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மாமியாருக்குக் கடைசிப் படம் எடுத்த நாள் நானும் கூடப் போயிருந்தேன். எழுபதுகள் பிறந்துவிட்டன. மருந்தை நிறுத்தலாம் என்றார் டாக்டர். மாமியார் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என் புள்ளைக்கு நான்தான் குடுத்தனா சார்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உங்களுக்கு யாரு குடுத்தாங்க, அது தெரியுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "அவங்களுக்கும் யாரோ குடுத்திருப்பாங்க. போங்கம்மா, நல்லா சாப்பிடுங்க."

ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தோம். மாமியார் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கப்பா இருமிக்கினேதான் செத்தாரு" என்றார் திடீரென்று. மாமனாரைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. "ரத்தம் ரத்தமா. எங்க மாமியாக்காரி என் தலைமுடியப் புடிச்சி இஸ்துக்கினு போயி கொளத்தாண்ட வுட்டா. நான் வந்த நேரம், நான் வெச்ச மருந்துன்னு. வவுத்துல இவன் இருந்தான். அப்போ எனக்குப் பதினாறு வயசுகூட ஆவல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? வெச்சேன்னு சொல்லிட்டேன். சொன்னா அடிக்கறத நிறுத்துவாங்கன்னு சொல்லிட்டேன்."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாம்பரம் வண்டி வந்து நின்றது. கூட்டமாக இருந்தது. நான் முதலில் ஏறி, அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.